ஜேக்கப்சன் உறுப்பின் நரம்பிழைகள் கருவில் வளர்வதைப் படிப்படியாகப் பார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

சுண்டெலிக் கருவின் மூக்கில் ஜேக்கப்சன் உறுப்பு என்கிற துணை மோப்ப உறுப்பு உருவாகி, அங்கிருந்து நரம்பிழைகள் புறப்பட்டு மூளையை எட்டுவதை செக்ஷன்களில், அதாவது திசுவின் மெல்லிய வெட்டுகளில், நாள் வாரியாகப் பார்க்க வேண்டும். கேட்பதற்கு எளிய வேலை. ஆனால் மூன்று மாதம் வெட்டி, சாயமேற்றி, அளந்து முடித்த பிறகு, அளந்தது பக்கத்தில் ஓடும் வேறொரு நரம்பை என்று தெரிந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை நானே அப்படி உட்கார்ந்திருக்கிறேன்.

கிரையோஸ்டாட்டும் (உறைந்த திசுவை வெட்டும் கருவி) கான்ஃபோகல் நுண்ணோக்கியும் உள்ள ஆய்வகத்தில், இந்தத் திசுவை முதல்முறையாகத் தொடுபவருக்காக எழுதுகிறேன். படிகளை இந்த வரிசையிலேயே செய்யுங்கள். இந்த வேலையில் நடக்கும் பிழைகளில் பெரும்பாலானவை கைத்தவறால் வருவதில்லை. பின்னால் எடுக்க வேண்டிய முடிவை முன்னாலும், முன்னால் எடுக்க வேண்டியதைப் பின்னாலும் எடுப்பதால் வருகின்றன.

1. எந்த நாட்களைப் பார்க்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

முதலில் கால அட்டவணையை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். சுண்டெலியின் கர்ப்பகாலம் ஏறக்குறைய 19 நாள். கரு நாள் 9.5 வாக்கில் தலையின் முன்பக்கம், இரு புறமும் தோலடுக்கு தடித்து மோப்பத் தட்டாகிறது. 10.5-இல் அது உள்வாங்கிக் குழியாகிறது. 11.5 வாக்கில் குழியின் உட்சுவரில், நடுக்கோட்டைப் பார்த்த பக்கத்தில், இன்னொரு சிறு பள்ளம் விழுகிறது. அதுதான் ஜேக்கப்சன் உறுப்பின் தொடக்கம். 13-ஐ நெருங்கும்போது அந்தப் பள்ளம் மூக்கறையிலிருந்து கிள்ளிவிட்டதுபோல் பிரிந்து, முன்பக்கம் மட்டும் திறந்த குழாயாகிவிடும்.

இழைகள் உறுப்புக்காகக் காத்திருப்பதில்லை. முதல் இழைகள் (ஆக்சான்கள்) 10.5-க்கும் 11-க்கும் இடையிலேயே தட்டைவிட்டு வெளியேறுகின்றன. 12-க்கும் 13-க்கும் இடையில் முன்மூளையின் சுவரைத் தொட்டுவிடுகின்றன. அதாவது உறுப்பு குழாய் வடிவம் எடுத்து முடிக்கும்போது முன்னோடி இழைகளின் பயணம் ஏற்கெனவே முடிந்திருக்கும். புதியவர்கள் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள். உறுப்பு நன்றாகத் தெரியும் 14.5-இலிருந்து தொடங்கிவிட்டு, இழைகள் எப்போது புறப்பட்டன என்று தேடுகிறார்கள். அதற்குள் ரயில் போய்விட்டது.

எனவே, புறப்பாடுதான் உங்கள் கேள்வி என்றால் 10.5, 11, 11.5, 12.5 ஆகிய நாட்கள் வேண்டும். கற்றைகள் தடிப்பதும் துணை மோப்பக் குமிழில் (இந்த இழைகள் போய்ச் சேரும் மூளைப் பகுதி) இடம் பிடிப்பதும் கேள்வி என்றால் 14.5, 16.5, பிறந்த நாள், பிறந்து 7-ஆம் நாள் என்று எடுங்கள். இரண்டையும் ஒரே தொகுப்பில் அள்ள ஆசைப்படாதீர்கள். முன்னதற்கும் பின்னதற்கும் வெட்டும் தளமே வேறு.

2. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

விலங்கு ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி, கருவுற்ற எலியையும் குட்டிகளையும் கையாளப் பயிற்சி பெற்ற ஒருவர். இவை இரண்டும் இல்லாமல் எதையும் தொடக் கூடாது.

திசுவை ஃபிக்ஸ் செய்ய, அதாவது கெடாமல் நிலைநிறுத்த, புதிதாகத் தயாரித்த 4% பாராஃபார்மால்டிஹைடு, பி.பி.எஸ். (கழுவப் பயன்படும் உப்புக் கரைசல்), 15% மற்றும் 30% சுக்ரோஸ், உறைவிப்புப் பசை, சதுர அச்சுகள், மின்னூட்டம் ஏற்றிய ஸ்லைடுகள். இவை எந்த ஆய்வகத்திலும் இருக்கும்.

பலரும் மறப்பது மூன்று. முதலாவது, ஸ்டீரியோ நுண்ணோக்கியின் கீழ் வைக்க, அளவுகோல் ஒட்டிய ஒரு கறுப்புத் தட்டு. கருவின் படத்தை எடுத்து வைக்காமல் அதன் வயதைப் பிறகு யாராலும் சரிபார்க்க முடியாது. இரண்டாவது, பிறந்து ஒரு வாரமான குட்டியின் மூக்கிலிருந்து வெட்டிய சில செக்ஷன்கள். சாயம் வேலை செய்கிறதா என்று பார்க்க இவை ஒவ்வொரு சுற்றிலும் தேவைப்படும். மூன்றாவது, கழுதை சீரம். ஏன் கழுதை என்பது 6-ஆம் படியில்.

3. கருவின் வயதைக் கையைப் பார்த்துச் சொல்லுங்கள்

இனச்சேர்க்கைக்குப் பின் பெண் எலியின் யோனியில் உண்டாகும் அடைப்பைக் கண்ட நாளின் நண்பகலை 0.5 என்று கொள்வது வழக்கம். ஆனால் இனச்சேர்க்கை இரவில் எந்த நேரத்தில் நடந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரே ஈற்றிலேயே கருக்கள் அரை நாள் முன்பின்னாக இருப்பது சர்வசாதாரணம். 14.5-இல் இது பெரிய விஷயமில்லை. 11-இல் அரை நாள் என்பது இழை வெளியே வந்ததற்கும் வராததற்கும் உள்ள வித்தியாசம்.

அதனால் முன்னங்கையைப் பாருங்கள். 11.5-இல் கை துடுப்பு மாதிரி இருக்கும். 12.5-இல் விரல்களின் கதிர்க்கோடுகள் உள்ளே தெரியும். 13.5-இல் விரல்களுக்கு நடுவே ஓரம் உள்வாங்கியிருக்கும். 14.5-இல் விரல் நுனிகள் பிரியத் தொடங்கியிருக்கும். பின்னங்கால் இதற்கு ஏறக்குறைய அரை நாள் பிந்தி வரும். அதைப் பார்த்து வயது சொன்னால் கணக்கு தப்பும்.

ஒவ்வொரு கருவையும் படம் எடுத்து, ஈற்று எண், கருவின் எண், கை நிலை மூன்றையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். பிறகுதான் தலையை எடுக்க வேண்டும். தலை மட்டும் குப்பிக்குள் போனபின் வயதுக்கு வேறு சாட்சி கிடையாது.

4. ஃபிக்ஸ் செய்யும் நேரத்தை வயதுக்கேற்ப மாற்றுங்கள்

எல்லாத் தலைகளையும் இரவு முழுக்க ஊறப்போட்டுவிட்டு வீட்டுக்குப் போவது வசதிதான். 11.5 நாள் கருவுக்கு அது அதிகம். அளவுக்கு மீறிப் பிணைந்த புரதத்தில் ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தைத் தேடி ஒட்டி, அதைச் சாயத்தில் காட்ட உதவுவது) ஒட்டும் இடம் மறைந்துவிடும். நீங்கள் ஆன்டிபாடியைக் குறை சொல்வீர்கள்.

நான் செய்வது இது. 10.5 முதல் 12.5 வரை 4 டிகிரி செல்சியஸில் 2 மணி நேரம். 14.5-க்கு 4 மணி நேரம். பிறந்த குட்டிக்கு அதே திரவத்தை இதயம் வழியாகச் செலுத்தியபின், தோலையும் கீழ்த்தாடையையும் நீக்கி இரவு முழுக்க. தோலை உரிக்காவிட்டால் திரவம் மூக்கின் உள்ளே போய்ச் சேர்வதற்குள் எபிதீலியம் (மேற்பரப்புச் செல்லடுக்கு) கெடத் தொடங்கிவிடும். கீழ்த்தாடையை எடுத்தால் அண்ணம் வழியாகவும் திரவம் ஏறும். ஜேக்கப்சன் உறுப்பு நடுச்சுவரின் அடிவாரத்தில், அண்ணத்துக்கு நேர் மேலே இருப்பதால் இந்த ஒரு வெட்டு மிகவும் உதவும்.

பிறந்து ஒரு வாரம் தாண்டிய தலைகளில் எலும்பு கத்தியைத் தடுக்கும். 0.5 மோலார் இ.டி.டி.ஏ., பி.எச். 8-இல் சில நாட்கள் வைத்துச் சுண்ணாம்பை இறக்குங்கள். அவசரத்துக்கு அமிலம் ஊற்றாதீர்கள். எலும்பு மிருதுவாகும், ஆனால் பிறகு சாயம் சரியாக ஏறாது.

5. தளத்தை முடிவு செய்தபின் உறையவையுங்கள்

அச்சில் வைத்துப் பசை ஊற்றியபின் தளத்தை மாற்ற முடியாது. ஆகவே இந்தக் கேள்விக்கு இங்கேயே பதில் வேண்டும்.

இழை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க நெடுக்கு வெட்டு, அதாவது மூக்கு நுனியிலிருந்து பிடரிவரை நடுக்கோட்டுக்கு இணையாக வெட்டுவது. உறுப்பிலிருந்து புறப்படும் கற்றைகள் நடுச்சுவரை ஒட்டி மேலும் பின்னுமாக ஏறி, மூக்குக்கும் மூளைக்கும் நடுவே உள்ள சல்லடைத் தட்டைக் கடந்து, மோப்பக் குமிழின் உட்பக்கமாக ஓடி, அதன் பின்மேல் பகுதியில் இருக்கும் துணைக் குமிழைச் சேர்கின்றன. இந்தப் பாதை முழுவதும் நடுக்கோட்டுக்கு அருகிலேயே இருப்பதால் நல்ல நெடுக்கு வெட்டில் பெரும்பகுதி ஒரே செக்ஷனில் சிக்கும்.

உறுப்பின் உள்ளே எந்த அடுக்கில் எந்தச் செல், கற்றையின் தடிப்பு எவ்வளவு என்று பார்க்கக் குறுக்கு வெட்டு. அதில் நடுச்சுவரின் இரு பக்கமும் ஒவ்வொரு குழாய் தெரியும். உள்வெளி பிறை வடிவில் இருக்கும். நடுச்சுவர்ப் பக்கம் தடித்த உணர் எபிதீலியம், வெளிப்பக்கம் மெல்லிய உணரா எபிதீலியம், அதற்கும் வெளியே ஒரு பெரிய சிரை.

நெடுக்கு வெட்டில் சாய்வுதான் எதிரி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: தலை வெறும் 5 டிகிரி சாய்ந்திருந்தால், 2 மில்லிமீட்டர் நீளப் பாதையின் இரு முனைகளும் பக்கவாட்டில் 175 மைக்ரான் விலகிவிடும். 16 மைக்ரான் செக்ஷன் என்றால் அது 11 செக்ஷன். முதல் முனையில் உறுப்பு தெரியும் செக்ஷனில் மறு முனையில் குமிழே இருக்காது. பார்ப்பவர் ‘இழை பாதியில் நின்றுவிட்டது’ என்று எழுதிவிடுவார். நிற்பது இழையல்ல, கத்தி பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டது. இரண்டு கண்களும் ஒரே கோட்டில் வருகின்றனவா என்று பக்கவாட்டிலிருந்து பார்த்துவிட்டுப் பிறகு உறையவையுங்கள்.

சுக்ரோஸில் தலை மூழ்கும்வரை காத்திருக்கச் சொல்வார்கள். பிறந்த குட்டியின் தலை சில சமயம் மூழ்கவே மூழ்காது. சுக்ரோஸ் ஏறாததால் அல்ல. மூக்கறையில் காற்று சிக்கியிருப்பதால். மூன்று நாள் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மூக்கு நுனியை மெல்ல அழுத்தினால் குமிழி வெளியே வரும். வராவிட்டால் குறைந்த வெற்றிடத்தில் சில நிமிடம் வையுங்கள். பிறகு பசையும் 30% சுக்ரோஸும் பாதிப்பாதி கலந்த கலவையில் ஒரு மணி நேரம். இந்தக் கலவை மூக்கறைக்குள் நிரம்பாவிட்டால் வெட்டும்போது நடுச்சுவர் இரண்டாகக் கிழியும். கிழிவதும் சரியாக உங்கள் கற்றை ஓடும் இடத்தில்தான்.

வெட்டும் தடிமன்: அடுக்குகளுக்கு 16 மைக்ரான், பாதைக்கு 30 முதல் 40. செக்ஷன்களை ஆறு ஸ்லைடுகளில் சுற்றுமுறையில் ஏற்றுங்கள். முதல் செக்ஷன் முதல் ஸ்லைடில், இரண்டாவது இரண்டாவதில், ஏழாவது மறுபடி முதலில். அப்போது ஒரே தலையிலிருந்து ஆறு ஒத்த தொகுப்புகள் கிடைக்கும். ஆறு விதச் சாயம் ஏற்றலாம். ஒரு ஸ்லைடில் அடுத்தடுத்த செக்ஷன்களுக்கு நடுவே 96 மைக்ரான் இடைவெளி இருக்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். மெல்லிய கற்றை அந்த இடைவெளிக்குள் ஒளிந்துகொள்ளும். ஒரு தொகுப்பில் காணோம் என்றால் மற்ற ஐந்தையும் பார்க்காமல் ‘இல்லை’ என்று எழுதாதீர்கள்.

6. சாயமேற்றுதல்: எந்தக் குறி எதைச் சொல்லும்

மூன்று குறிகள் அடிப்படை. பீட்டா-3 டியூபுலின் எல்லா நரம்புச் செல்லையும் அதன் இழையையும் காட்டும்; யாருடைய இழை என்று சொல்லாது. கேப்-43 வளர்ந்துகொண்டிருக்கும் இளம் இழைகளில் பளிச்சென்று இருக்கும். ஓ.எம்.பி. என்கிற மோப்பக் குறிப்புரதம் முதிர்ந்த உணர்செல்களில் மட்டும் வரும்.

ஓ.எம்.பி. சுண்டெலியின் மோப்ப எபிதீலியத்தில் முதலில் தலைகாட்டுவதே கரு நாள் 14 வாக்கில். 12.5 நாள் கருவில் ஓ.எம்.பி. போட்டுவிட்டு ஒன்றும் வரவில்லை, சாயம் கெட்டுவிட்டது என்று மூன்று முறை திரும்பச் செய்தவர் உண்டு. சாயம் சரி, எபிதீலியத்துக்குத்தான் இன்னும் வயது வரவில்லை. நான் எடுத்து வைக்கச் சொன்ன 7-ஆம் நாள் செக்ஷனை அதே ஸ்லைடில் ஒட்டியிருந்தால், அங்கே ஒளிர்ந்து இங்கே ஒளிராததைப் பார்த்து ஒரே நாளில் விஷயம் புரிந்திருக்கும்.

இப்போது கழுதைக் கதை. பரவலாகப் பயன்படும் ஓ.எம்.பி. ஆன்டிபாடி ஆட்டில் உருவாக்கப்பட்டது. ஆய்வகங்களில் செக்ஷனின் பின்னணியை அடக்க வழக்கமாக எடுப்பதோ ஆட்டுச் சீரம். புதிதாக வந்த மாணவி ஒருத்தி பழக்கதோஷத்தில் ஆட்டுச் சீரத்தில் ஊறவைத்து, ஆட்டு ஆன்டிபாடி போட்டு, ஆட்டைத் தேடிப் பிடிக்கும் இரண்டாம் ஆன்டிபாடியையும் போட்டாள். ‘அக்கா, எல்லா இழையும் பிரமாதமா வந்திருக்கு’ என்று ஓடி வந்தாள். போய்ப் பார்த்தேன். இழை மட்டுமா வந்திருந்தது? குருத்தெலும்பு, சிரை, நாக்கின் தசை எல்லாமே பச்சை. இரண்டாம் ஆன்டிபாடி, செக்ஷன் முழுக்கப் பூசியிருந்த ஆட்டுச் சீரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. ‘முதல் ஆன்டிபாடி போடாத ஸ்லைடு எங்கே?’ என்றேன். வைக்கவில்லை. வைத்திருந்தால் அதுவும் இதே பச்சையில் ஒளிர்ந்து காட்டிக்கொடுத்திருக்கும்.

ஆகவே சீரமும் கழுதை, இரண்டாம் ஆன்டிபாடிகள் அத்தனையும் கழுதை. பாதி கழுதை, பாதி ஆடு என்று கலந்தாலும் அதே கதைதான்: ஆட்டைப் பிடிக்க வந்த கழுதை ஆன்டிபாடி, ஆட்டில் செய்த மற்ற இரண்டாம் ஆன்டிபாடிகளையும் பிடித்துக்கொள்ளும்.

அடுத்த பொறி டியூபுலின் ஆன்டிபாடி. அதிகம் பயன்படுவது எலியில் செய்தது. உங்கள் திசுவும் எலி. தாயின் இம்யூனோகுளோபுலின் கருவுக்கும், பிறந்தபின் பால் வழியாகக் குட்டிக்கும் போய்ச் சேர்வதால், வயது ஏற ஏற இரத்தக் குழாய்களும் இணைப்புத் திசுவும் ஒளிரத் தொடங்கும். ஜேக்கப்சன் உறுப்பின் பக்கத்திலேயே அவ்வளவு பெரிய சிரை இருக்கிறது. பொதுவான எலி-எதிர்ப்பு இரண்டாம் ஆன்டிபாடிக்குப் பதிலாக, உங்கள் ஆன்டிபாடியின் உபவகையை மட்டும் பிடிப்பதை வாங்குங்கள். பின்னணி கணிசமாகக் குறையும்.

செய்முறை சுருக்கமாக: ஸ்லைடை ஒரு மணி நேரம் உலரவிட்டு, பி.பி.எஸ்.-இல் பசையைக் கழுவி, 0.3% டிரைட்டன் கலந்த 5% கழுதைச் சீரத்தில் ஒரு மணி நேரம், முதல் ஆன்டிபாடியில் 4 டிகிரியில் இரவு முழுக்க, கழுவி, இரண்டாம் ஆன்டிபாடியில் இருட்டில் இரண்டு மணி நேரம், கடைசியில் டாப்பி (செல் உட்கருவைக் காட்டும் சாயம்). 40 மைக்ரான் செக்ஷனுக்கு ஆன்டிபாடி நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். இல்லையேல் மேற்பரப்பு மட்டும் சாயமேறி, நடுவில் இழை அறுந்தது மாதிரித் தெரியும்.

எல்லா வயதையும் ஒரே நாளில், ஒரே கலவையில் சாயமேற்றுங்கள். திங்களன்று 12.5, வியாழனன்று 16.5 என்று செய்தால், ஒளிர்வில் தெரியும் வித்தியாசம் வயதால் வந்ததா, கலவையால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது.

7. யாருடைய இழை? அளப்பதற்கு முன் இதை முடியுங்கள்

இந்த ஒரு படிக்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன் என்று சொன்னாலும் தப்பில்லை. ஜேக்கப்சன் உறுப்பைச் சுற்றி ஒளிரும் இழைகள் எல்லாம் அதன் இழைகள் அல்ல. குறைந்தது நான்கு கூட்டம் அங்கே கலந்திருக்கிறது.

முதல் கூட்டம் நீங்கள் தேடுவது: உணர் எபிதீலியத்திலிருந்து புறப்பட்டு மேலே ஏறும் ஆக்சான்கள்.

இரண்டாவது ட்ரைஜெமினல் இழைகள். வலி, எரிச்சல், தொடுகை ஆகியவற்றைச் சுமப்பவை. இவற்றில் ஒரு கிளை மூக்கின் பின்புறத்திலிருந்து நடுச்சுவரின் அடிப்பகுதி வழியாக முன்னோக்கி இறங்கி அண்ணத்துக்குப் போகிறது. போகிற வழியில் உறுப்பை உரசிக்கொண்டே போகிறது. குறுக்கு வெட்டில் உறுப்பின் பக்கத்தில் உருண்டையாக, அழகாக, தனியாகத் தெரியும் கற்றை பெரும்பாலும் இதுதான். பார்ப்பதற்குப் பாடநூல் படம்போல் இருப்பதால் புதியவர்கள் முதலில் இதன்மேல்தான் கோடு போடுகிறார்கள். நான் அன்று அளந்ததும் இதைத்தான்.

மூன்றாவது தன்னியக்க இழைகள். அந்தப் பெரிய சிரையைச் சுருக்கி விரிப்பவை இவை. அதன் மூலம்தான் உறுப்பு வாசனைப் பொருளை உள்ளே இழுக்கிறது. ட்ரைஜெமினல் கிளையோடு சேர்ந்தே வந்து சிரையைச் சுற்றியும் உணரா எபிதீலியத்தின் அடியிலும் பரவும்.

நான்காவது முனைய நரம்பின் இழைகள். இவை உங்கள் கற்றைகளோடு பின்னியே ஓடுவதால் பிரிப்பது கடினம்.

பிரிக்கும் முறை இது. முதலில் திசையைப் பாருங்கள்: உறுப்பிலிருந்து ஏறும் கற்றைகள் பல, மெல்லியவை, நடுச்சுவரில் விசிறிபோல் மேலே போகின்றன. ட்ரைஜெமினல் கிளை ஒன்றே, தடித்தது, அடியில் கிடைமட்டமாக ஓடுகிறது. அப்புறம் சாயத்தைப் பாருங்கள். பிறப்பை ஒட்டிய வயதுகளில் ஓ.எம்.பி. இருந்தால் அது உணர்செல் இழை. சி.ஜி.ஆர்.பி. இருந்தால் ட்ரைஜெமினல். டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் இருந்தால் தன்னியக்க இழைகளில் சிம்பதெடிக் வகை. கேப்-43-ஐ வைத்துப் பிரிக்க முயலாதீர்கள். கருவில் வளரும் எல்லா இழையிலும் அது இருக்கும்.

சி.ஜி.ஆர்.பி., கேப்-43 ஆன்டிபாடிகள் இரண்டும் பெரும்பாலும் முயலில் செய்தவையாகவே கிடைக்கும். ஒரே செக்ஷனில் போட முடியாது. அதற்காகத்தான் ஆறு ஸ்லைடு சுற்றுமுறை. முதல் ஸ்லைடில் ஒன்று, இரண்டாவதில் மற்றொன்று. 16 மைக்ரான் தள்ளி அதே கற்றை இருக்கும்.

14-க்கு முன்னால் ஓ.எம்.பி. கைகொடுக்காது. அங்கே ஒரே வழி, இழையைப் பிடித்துக்கொண்டு செக்ஷன் செக்ஷனாகப் பின்னோக்கி நடப்பது. எபிதீலியத்தின் அடிப்பரப்பிலிருந்து வெளியே வருவதைக் கண்ணால் பார்த்தால் கணக்கில் சேருங்கள். பார்க்க முடியாத கற்றைக்குக் கேள்விக்குறி போடுங்கள். கேள்விக்குறிகள் நிறைய வந்தால் வெட்டும் தளம் சரியில்லை என்று பொருள்.

இன்னொன்று. 11.5, 12.5 நாள் கருக்களில் எபிதீலியத்துக்கு வெளியே, இழைகளின் நடுவில், டியூபுலின் ஏற்ற செல்கள் கும்பலாக இருக்கும். வெட்டும்போது சிதறிய குப்பை என்று சிலர் அழித்துவிடுகிறார்கள். அவை குப்பை இல்லை. இழைகளோடு சேர்ந்து மூளையை நோக்கிப் போகும் இடம்பெயர் கூட்டம் அது. அதில் ஜி.என்.ஆர்.எச். சுரக்கும் செல்களும் உண்டு: பிற்காலத்தில் இனப்பெருக்க ஹார்மோன்களை ஆட்டிவைக்கப் போகும் செல்கள் மூக்கில் தோன்றி, இந்த இழைகளையே தண்டவாளமாகக் கொண்டு முன்மூளைக்கு நடந்து போகின்றன. ஜி.என்.ஆர்.எச். ஆன்டிபாடியை ஒரு ஸ்லைடில் போட்டுப் பாருங்கள். மணி கோத்ததுபோல் வரிசையாகத் தெரியும். இந்த வரிசை பாதையைக் கண்டுபிடிக்கவும் நல்ல வழிகாட்டி.

8. சந்தேகம் தீராவிட்டால் டை-ஐ

ஃபிக்ஸ் செய்த திசுவிலும் வேலை செய்யும் கொழுப்புச் சாயம் இது. சவ்வின் வழியே மெல்லப் பரவி, ஒரு செல்லின் உடலிலிருந்து இழையின் நுனிவரை போகும். உறுப்பின் உணர் எபிதீலியத்தில் ஒரு துகளை வைத்தால் அங்கிருந்து புறப்பட்டவை மட்டும் சிவக்கும்.

துகள் மிகச் சிறிதாக இருக்கட்டும். ஊசி நுனியில் ஒட்டும் அளவு போதும். பெரிய துகள் உள்வெளிக்குள் கரைந்து பக்கத்துத் திசுவையெல்லாம் நனைக்கும். பிறகு இருட்டில், ஃபிக்ஸேட்டிவில், 37 டிகிரியில் வாரக்கணக்கில் பொறுத்திருங்கள்.

டை-ஐ போட்ட திசுவை டிரைட்டனிலோ ஆல்கஹாலிலோ காட்டாதீர்கள். இரண்டும் கொழுப்பைக் கரைக்கும். கூடவே சாயமும் போய்விடும். வைப்ரடோமில் (உறையவைக்காமல் வெட்டும் அதிர்கத்திக் கருவி) 100 மைக்ரான் வெட்டி, பஃபரிலேயே மூடி, ஓரிரு நாளில் படம் எடுத்துவிடுங்கள்.

9. படம் எடுத்தல்

ஒளிர்வு அமைப்பைத் தொகுப்பிலேயே மிகப் பிரகாசமான ஸ்லைடில் வைத்து முடிவு செய்யுங்கள். பிறகு அன்றைய நாள் முழுக்க மாற்றாதீர்கள். மங்கலான 11.5-இல் அமைத்தால் 16.5-இல் கற்றைகள் வெள்ளைத் திட்டாக எரிந்து போகும். அங்கே அளக்க எதுவும் இருக்காது.

ஒரு எல்லையை ஒத்துக்கொள்ளுங்கள். இந்த வகை ஆக்சான் ஒன்றின் விட்டம் சுமார் 0.2 மைக்ரான். ஒளி நுண்ணோக்கியின் பிரித்தறியும் திறனும் ஏறக்குறைய அதேதான். உறைச்செல்கள் இவற்றைக் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருப்பதால், திரையில் நீங்கள் ஓர் இழை என்று பார்ப்பது ஒரு கட்டு. எனவே ‘இழைகளின் எண்ணிக்கை’ என்று அட்டவணையில் எழுதாதீர்கள். ‘கற்றைகளின் எண்ணிக்கை’ என்று எழுதுங்கள். இழைகளை எண்ணியே ஆக வேண்டும் என்றால் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குப் போக வேண்டும்.

10. அளத்தல்

தலையும் வளர்கிறது. இதை மறந்து மைக்ரானில் மட்டும் அளந்தவர்கள், 14.5-க்கும் 16.5-க்கும் நடுவே இழைகள் பிரமாதமாக ‘முன்னேறியதாக’ எழுதியிருக்கிறார்கள். முன்னோடி நுனிகள் 13-க்கு முன்னரே மூளையைத் தொட்டுவிட்டன. அதன்பின் அவை நீண்டது, மூக்கு நீண்டபோது கூடவே இழுபட்டதால். ஆகவே உறுப்பின் பின்முனையிலிருந்து முன்மூளைச் சுவர்வரை உள்ள தூரத்தை 1 என்று வைத்து, இழையின் நுனி அதில் எவ்வளவு பங்கு கடந்திருக்கிறது என்று சொல்லுங்கள். மைக்ரான் கணக்கைப் பக்கத்தில் இன்னொரு நெடுவரிசையில் வையுங்கள்.

கற்றையின் பரப்பை அளக்க ஒரே மட்டத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். உறுப்பின் முதல் செக்ஷனையும் கடைசி செக்ஷனையும் குறித்து, நடுவில் வருவதை எடுப்பது எளிய வழி. ‘அழகாகத் தெரியும் செக்ஷன்’ என்பது மட்டம் ஆகாது.

பிறப்பை ஒட்டிய வயதுகளில் குமிழின் பக்கத்தையும் பார்க்கலாம். உறுப்பின் மேலடுக்கு உணர்செல்கள் ஜி-ஆல்ஃபா-ஐ2 புரதத்தையும், அடியடுக்கு ஜி-ஆல்ஃபா-ஓ புரதத்தையும் சுமக்கின்றன. முன்னவை துணைக் குமிழின் முன்பாதிக்கும் பின்னவை பின்பாதிக்கும் போகின்றன. இரண்டுக்கும் ஆன்டிபாடி போட்டு நெடுக்கு வெட்டில் பார்த்தால் நடுவே எல்லைக்கோடு விழும். குறுக்கு வெட்டில் இந்தக் கோடு கிடைக்காது. மறுபடியும் 5-ஆம் படி.

எண்ணிக்கைக் கணக்கில், ஒரே ஈற்றின் ஐந்து கருக்கள் ஐந்து சாட்சிகள் ஆகாது. ஒரு தாய், ஒரு இரவு, ஒரு அடைப்பு. அவை ஒரே பிழையைப் பகிர்ந்துகொள்ளும். ஒரே தலையின் இருபது செக்ஷன்களை இருபது என்று போடுவது இன்னும் மோசம். ஈற்றை ஓர் அலகாகக் கொள்ளுங்கள். ஒவ்வொரு வயதுக்கும் குறைந்தது மூன்று ஈற்றுகள். அளப்பவருக்கு வயது தெரியாதபடி கோப்புப் பெயர்களை வேறொருவர் மாற்றித் தரட்டும். வயதைப் படத்தைப் பார்த்தே ஊகித்துவிடலாம் என்பது உண்மைதான். ஆனாலும் ஒரே வயதில் இரண்டு மரபு வகைகளை ஒப்பிடும்போது இந்தப் பழக்கம்தான் காப்பாற்றும்.

கேள்விக்குறி போட்ட கற்றைகளை அட்டவணையிலிருந்து நீக்காதீர்கள். தனி நெடுவரிசையில் விடுங்கள். ஸ்லைடுகளை ஒளி படாத பெட்டியில் 4 டிகிரியில் வையுங்கள். சாயமேற்றாத தொகுப்புகளை மைனஸ் 80-இல் வைத்து, எந்தப் பெட்டி, எந்த அடுக்கு என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். ஆறில் இரண்டையாவது தொடாமல் வைத்திருங்கள். ‘அது ட்ரைஜெமினல் இல்லை என்று எப்படித் தெரியும்?’ என்று ஒருவர் கட்டாயம் கேட்பார், அன்றைக்கு சி.ஜி.ஆர்.பி. போட ஸ்லைடு வேண்டும்.